ஹண்டிங்டேலில் காற்றுப் பார்த்த தனலெட்சுமி

தனலெட்சுமி புல்லில் குப்புறப் படுத்திருந்தாள். பெப்ரவரி வெயில் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. மயங்கி விழுந்துவிட்டாள் என்று நினைத்து ஒரு காவலர் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தார். அவள் தலையைத் திருப்பாமலேயே கையை உயர்த்தி, கொஞ்சம் தள்ளி நிற்கும்படி சைகை காட்டினாள்.

"இங்க வந்து பாரு ரஞ்சினி. நின்னு பாத்தா மேடு மாதிரி தெரியுது. படுத்துப் பாத்தாத்தான் பள்ளம்னு தெரியுது. டிவியில பாக்குறவன் ஏமாந்துருவான்."

அவளுடைய கைப்பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். மெல்பேர்ணில், தெற்கு ஓக்லியில் உள்ள ஹண்டிங்டேல் கோல்ஃப் திடலில் அது போட்டிக்கு முந்திய பயிற்சி நாள். ஆட்டக்காரர்கள் பந்தை அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் அவர்களைப் பார்த்தது. தனம் மட்டும் தரையைப் பார்த்தாள்.

தனம் என்றுதான் நான் அவளைக் கூப்பிடுவேன். மலேசியாவில் தெலுக் இந்தான் அவளுடைய ஊர். 1983இல் கிளேட்டனில் இருக்கிற பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்க வந்தவள், படிப்பு முடிந்தும் திரும்பிப் போகவில்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்தவள். நகரக் குடிநீர் அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மாடி. எனக்குக் கணக்குப் பிரிவு. அவளுக்கு அடுத்த வாரம் எந்தப் பேட்டை எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லுகிற வேலை. வியாழக்கிழமை வடக்கிலிருந்து சூட்டுக் காற்று வரும் என்றால், புதன் மத்தியானமே அவள் மேலதிகாரியிடம் போய், எல்லாரும் தோட்டக் குழாயைத் திறப்பார்கள், தயாராக இருங்கள் என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் அப்படியே நடக்கும்.

கோல்ஃபுக்கும் அவளுக்கும் சம்பந்தம் வந்தது சாப்பாட்டால். படித்துக்கொண்டிருந்த காலத்தில் வளாக அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டு ஒட்டியிருந்ததாம். ஹண்டிங்டேல் போட்டியில் ஆட்டக்காரர்களோடு நடந்து, அவர்களுடைய புள்ளிகளைக் காட்டும் பலகையைத் தூக்கிக்கொண்டு போக ஆட்கள் தேவை, மதியச் சாப்பாடு இலவசம் என்று. "நான் சோறுன்னு நெனச்சுட்டுப் போனேன். சான்ட்விச் கொடுத்தானுங்க" என்று இத்தனை வருஷம் கழித்தும் குறையாகச் சொல்லுவாள்.

அதற்கு முன் அவள் கோல்ஃப் பார்த்ததே கிடையாது. ஒரு நாள் அவள் பலகை தூக்கிப் போன அணியில் ஒரு பிரபல ஆட்டக்காரர் இருந்தார். அவர் அடித்தால் பந்து கண்ணுக்குத் தெரியாத தூரம் போகும். கூட்டம் அவர் பின்னால்தான் அலைந்தது. கூட ஆடியவர் கட்டையான, நடுத்தர வயது மனிதர். குயின்ஸ்லாந்துக்காரர். யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பிரபலம் அடித்த பந்து, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீன் கல் மாதிரி இறுகிக் கிடந்ததால், அதில் விழுந்து, துள்ளிப் பின்பக்கம் ஓடிப்போனது. கட்டை மனிதர் பந்தைக் கிரீனுக்கு முன்னாலேயே விழுத்தி உருட்டிவிட்டார். அது தவழ்ந்து போய்க் குழிக்குப் பக்கத்தில் நின்றது. சாயந்தரம் கட்டை மனிதரின் கணக்குத்தான் நன்றாக இருந்தது. மறுநாள் பேப்பரில் பிரபலத்தின் படம் வந்தது.

"அன்னைக்குத்தான் புரிஞ்சுது. எல்லாரும் ஆளப் பாக்குறாங்க. தரைய யாரும் பாக்கல" என்றாள் என்னிடம்.

அவளுடைய வித்தை முழுவதும் அந்த ஒரு விஷயத்திலிருந்து வளர்ந்ததுதான். மெல்பேர்ணின் தென்கிழக்கில் மண் முழுக்க மணல். தண்ணீர் நிற்காது, கிரீன்கள் இறுகிப்போகும், மணற்குழிகள் கிரீனின் விளிம்பைக் கடித்துக்கொண்டு இருக்கும். அங்கே நீளமாக அடிக்கிறவனைவிட, சரியான பக்கத்திலிருந்து பந்தை உருட்டத் தெரிந்தவன் பிழைப்பான். வேறோர் ஊரில் மண் ஈரமாக இருந்தால் கதை தலைகீழ். ஆகவே ஒரு போட்டி வந்தால் அவள் முதலில் ஆட்டக்காரர்களின் பெயரைப் பார்க்கமாட்டாள். திடலைப் பார்ப்பாள். இந்தத் திடல் எந்தத் திறமையைக் கேட்கிறது என்று தீர்மானித்த பிறகுதான் அந்தத் திறமை யாருக்கு இருக்கிறது என்று எண்களில் தேடுவாள்.

எண்களையும் அவள் அப்படியே நம்பமாட்டாள். ஒரு முறை நான் பேப்பரைப் பார்த்துவிட்டு, இந்த ஆள் கிரீனில் மிகக் குறைந்த தட்டல்களில் பந்தைக் குழிக்குள் போடுகிறாராம், இவர் வெல்லுவாரா என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"அவரு கிரீனுக்கே நேரா வர்றதில்ல. ஒவ்வொரு தடவையும் வெளிய விழுந்து, அங்கேருந்து குழிகிட்டத் தட்டி விடுறாரு. கிட்டக்க வந்தப்புறம் ஒரே தட்டுல போட்டா அதுல என்ன பெரிய கெட்டிக்காரத்தனம்? எங்கேருந்து ஆரம்பிச்சாருன்னு அந்த எண்ணு சொல்லுதா?"

ஆட்டக்காரர்களுக்கெல்லாம் அவள் தமிழில் பட்டப்பெயர் வைத்திருந்தாள். ஆங்கிலப் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன என்பது அவள் சொன்ன காரணம். அவசரக்குடுக்கை, நெட்டையன், மாமியார், கொட்டாவி. எந்தக் குழியில் என்ன அனர்த்தம் நடந்தாலும் முகம் மாறாமல் நடந்து போகிற ஒரு நியூசிலாந்துக்காரர் சாமியார். அவர்மேல் அவளுக்குத் தனிப் பிரியம்.

பந்தயம் கட்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டைக்கூட அலுமாரிக்கு மேலே ஒளித்து வைத்திருந்தார்கள். இந்த எண்களைப் பார்த்து ரசித்துவிட்டு விட்டுவிடலாமே, காசு எதற்கு என்று கேட்டேன்.

"காசு கட்டலைன்னா, போட்டி முடிஞ்சப்புறம் நான் அப்பவே சொன்னேன்னு யாரு வேணும்னாலும் சொல்லலாம் ரஞ்சினி. மொத நாளே சொல்லி, அதுல என் காசும் இருந்தாத்தான் நான் சொன்னதுக்கு மரியாதை."

மாதம் ஒரு சேலை வாங்குகிற காசு, அதற்குமேல் கட்டுவதில்லை என்பது அவளுடைய விதி. சேலை வாங்குவதை நிறுத்திவிட்டாள். அதனால் த பேசின் என்ற புறநகரில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பழைய மூன்று சேலைகளையே மாற்றி மாற்றிக் கட்டி வருவாள். மற்றப் பெண்கள் அவளுக்கு ஏதோ கஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வெல்லப்போகிறவரைக் கண்டுபிடிப்பது அவளுடைய நோக்கம் இல்லை. பந்தயக் காசு வாங்குகிற புக்கி ஓர் ஆட்டக்காரருக்கு, வென்றால் ஒன்றுக்கு அறுபது என்று விலை போட்டிருப்பான். அவள் கணக்கில் அந்த ஆளுக்கு ஒன்றுக்கு முப்பதுதான் சரியான விலையாக இருக்கும். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, முதல் சில இடங்களுக்குள் வந்தாலும் காசு கிடைக்கிற மாதிரிக் கட்டுவாள். அதிகம் தோற்பாள். எப்போதாவது ஒன்று விழும். அந்த ஒன்று மற்றதையெல்லாம் மூடிவிடும்.

ஒரே ஒரு தடவை மிக மோசமாக அடிவாங்கினாள். 1995இல் சிட்னியில் கடலோரத் திடல் ஒன்றில் போட்டி. போக நேரம் இல்லாமல், கடற்காற்று, மணல் மண், மெல்பேர்ண் மாதிரித்தான் இருக்கும் என்று எண்களை மட்டும் வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தாள். எல்லாரும் உருட்டுகிற ஆட்கள். டிவியில் பார்த்தோம். கிரீனைச் சுற்றி அடர்த்தியான கிக்குயு புல். உருட்டிய பந்துகள் எல்லாம் பஞ்சுக்குள் கால் வைத்த மாதிரி அங்கேயே நின்றுவிட்டன. இரண்டாம் நாளே அவளுடைய ஆட்கள் எல்லாரும் வெளியே போய்விட்டார்கள், சாமியார் உட்பட.

"புல்லு" என்று மட்டும் சொன்னாள். பிறகு டிவியை நிறுத்திவிட்டு, "இனிமே நேர்ல பாக்காத எடத்துல ஒரு காசு கட்டமாட்டேன்" என்றாள்.

அவள் பந்தயம் கட்டியது டார்வினில் இருந்த ஒரு புக்கியிடம். அப்போது கம்ப்யூட்டரில் கட்டுகிற வசதி வரவில்லை. போன் பண்ணி, கணக்கு எண்ணைச் சொல்லி, ஆளையும் தொகையையும் சொன்னால் மறுமுனையில் இருக்கிற ஊழியர் திருப்பி வாசிப்பார். பேச்சு முழுவதும் பதிவாகும். போட்டிகள் வியாழக்கிழமை தொடங்கும் என்பதால் அவள் புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும் பேசுவாள்.

1996இல் ஒரு புதன்கிழமை நானும் அவள் வீட்டில் இருந்தேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அவளுடைய போனில் மறுமுனைக் குரல் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும். அவள் போனில் ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தவள், களைப்பில், "அப்புறம் சாமியார்" என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுமுனையில் ஆண் குரல் ஒன்று தமிழில் கேட்டது.

"சாமியார் எண்டா ஆர்?"

தனம் போனைக் காதிலிருந்து எடுத்து அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு மறுபடி காதில் வைத்து, நியூசிலாந்துக்காரரின் ஆங்கிலப் பெயரைச் சொன்னாள். அந்தக் குரல் உடனே ஆங்கிலத்துக்கு மாறி, எல்லாப் பந்தயங்களையும் ஒழுங்காகத் திருப்பி வாசித்தது. இரண்டு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த அதே குரல்தான். தெளிவான, அவசரமில்லாத குரல். இந்தியராக இருப்பார் என்று மட்டும் நினைத்திருந்தாளாம். கடைசியில் அந்தக் குரல் மெல்லமாகச் சொன்னது:

"பெயர் பொருத்தமாத்தான் இருக்கு. அங்கை காத்து எப்பிடி?"

"வடக்கு. நாளைக்கு மத்தியானம் தெக்குக்கு மாறும்" என்றாள் தனம்.

"நல்லது. வைக்கிறன்."

அந்தக் குரலின் சொந்தக்காரர் தேவராஜா. யாழ்ப்பாணத்தில் வங்கியில் வேலை பார்த்தவர். எண்பதுகளின் கடைசியில் டார்வினுக்கு வந்து, முதலில் ஒரு பல்பொருள் அங்காடியில் பெட்டி அடுக்கிவிட்டு, பிறகு புக்கியின் போன் அறைக்கு வந்தவர். இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. பதிவாகிற போனில் வாடிக்கையாளரோடு சொந்தக் கதை பேசக்கூடாது என்பது விதி. அவர் விதியை மதிக்கிற மனிதர். அதனால் பந்தயமெல்லாம் முடிந்தபிறகு ஒரு கேள்வி கேட்பார், அவள் ஒரு பதில் சொல்லுவாள். பெரும்பாலும் காற்றைப் பற்றித்தான். சில நாள், சாப்பிட்டியளா என்பார். ஒரு நாள், இருமல் மாதிரிக் கேட்குதே என்றார்.

தனம் இதையெல்லாம் எனக்குச் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன். முன்பு ஒரே தடவையில் எல்லாப் பந்தயத்தையும் சொல்லி முடிக்கிறவள், இப்போது ஒன்றைச் சொல்லிவிட்டு வைப்பாள். தேத்தண்ணி ஊற்றுவாள். பிறகு ஏதோ மறந்துவிட்ட மாதிரி மறுபடி எடுப்பாள்.

"ஒண்டாச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு லா" என்றாள் தன் ஊர்ப் பேச்சில், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. பிறகு தனத்துக்கு ஒரு நல்ல காலம் வந்தது. அடுத்தடுத்து மூன்று போட்டிகளில் புக்கி ஒன்றுக்கு அறுபது என்று விலை போட்டிருந்த அவளுடைய ஆட்கள் மேலே வந்தார்கள். புக்கியின் மேலாளர் யார் இந்தப் பெண் என்று பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டிருக்கிறார். கேட்டால், தொடர்ந்து வெல்கிற வாடிக்கையாளரும் தன்னுடைய ஊழியரும் ஏதோ வேற்று மொழியில் பேசிக்கொள்கிறார்கள். தேவராஜாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, மொழிபெயர்க்க ஆள் தேடினார்.

கிடைத்தவர் வெங்கட்ராமன் என்ற சென்னைக்காரர். டார்வினில் கணக்கியல் கற்பித்துக்கொண்டிருந்தவர். அவர் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாப் பதிவுகளையும் கேட்டார். பிறகு மேலாளரிடம் போய், சாமியார் என்ற ஒரு பட்டப்பெயரைத் தவிர இவர்கள் பந்தயத்தைப் பற்றித் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை, காற்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றார்.

மேலாளர் விடவில்லை. காற்று என்பது ஏதாவது குறிச்சொல்லாக இருக்குமோ என்று கேட்டார்.

"இல்லை. இந்த மனிதருக்கு அந்தப் பெண்ணிடம் வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவ்வளவுதான்" என்றாராம் வெங்கட்ராமன். இதைப் பிற்காலத்தில் தேவராஜாவே வெட்கத்தோடு எங்களுக்குச் சொன்னார்.

அவருடைய வேலை போகவில்லை. ஆனால் போன் அறையிலிருந்து எடுத்துப் பின்னறையில் போட்டுவிட்டார்கள். அடுத்த புதன்கிழமை தனம் எடுத்தபோது ஓர் இளம்பெண் பேசினாள். இனி உங்கள் கணக்கில் ஒரு காப்பி விலைக்குமேல் பந்தயம் ஏற்கமாட்டோம் என்று பணிவாகச் சொன்னாள். வெல்கிறவர்களுக்கு புக்கிகள் செய்கிற மரியாதை அது.

மறுநாள் அலுவலகத்தில் தனம் காலையெல்லாம் பெருமையாகத் திரிந்தாள். பட்டம் வாங்கினதுபோல எல்லாரிடமும் சொன்னாள். மத்தியானம் நான் தேநீர் அறைக்குள் போனபோது, சீனி போடாத தேநீரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டு நின்றாள்.

"வேறை புக்கி இல்லையா?" என்றேன்.

"புக்கி இருக்கு" என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய வீட்டு போன் அடித்தது. நான் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"தேவராஜா பேசிறன். உங்கடை கணக்கிலை இருந்த நம்பரை எடுக்கேல்லை. அப்பிடி எடுக்கிறது பிழை. தபால் கந்தோரிலை மெல்பேர்ண் டெலிபோன் புத்தகம் இருந்தது. அதிலை தேடி எடுத்தனான்."

"சரி" என்றாள் தனம்.

"இது பதிவாகிற லைன் இல்லை."

"சரி."

என்னவும் பேசலாம் என்றானதும் இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. தனம் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கடைசியில் அவளே கேட்டாள்.

"அங்க காத்து எப்படி இருக்கு?"

"டார்வினிலை இப்ப காத்தே இல்லை. மழைதான். கதவெல்லாம் ஊறிப் போய் இறுகிக் கிடக்கு."

அதிலிருந்து அவர்கள் நிறையப் பேசினார்கள். நான் காருக்குப் போய் இருந்தேன். அன்றைக்குக் கோயில் பூசைக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை.

சில மாதங்களில் தேவராஜா பட்டென்று கேட்டுவிட்டார். தனக்கு நாற்பத்தைந்து வயது, மூன்று தங்கைகளைக் கரைசேர்த்ததில் தன் கல்யாணத்தை யோசிக்கவில்லை, உங்களுக்குச் சம்மதமா என்று. தனம் கொடுத்த பதிலை அவளே எனக்குச் சொன்னாள்: "நேர்ல பாக்காம நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். பெப்ரவரியில ஹண்டிங்டேல்ல போட்டி இருக்கு. வாங்க."

வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தாள். துணைக்கு நான். போட்டோ பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்படியானால் எப்படி அடையாளம் தெரியும் என்றேன். அதை அவள் யோசிக்கவேயில்லை. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் தொப்பி விற்கிற கடையருகே நின்றோம். நூற்றுக்கணக்கான ஆட்கள் போனார்கள். தமிழ் முகமாக வந்த ஒருவரைப் பார்த்து நான் சிரிக்கப் போக, அவர் தன் மனைவி பிள்ளைகளோடு விலகிப் போனார்.

அப்போது எங்களுக்குப் பின்னால் யாரோ தொப்பிக்காரரிடம் ஆங்கிலத்தில் விலை கேட்டார். தெளிவான, அவசரமில்லாத குரல். தொப்பிக்காரர் சொன்ன விலையை, சரிபார்ப்பதுபோல அப்படியே திருப்பிச் சொன்னார். தனத்தின் கை என் கையைப் பிடித்தது. திரும்பினோம். ஒல்லியான, உயரமான மனிதர். முன்நெற்றி நரைத்திருந்தது. முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை, பளபளக்கிற அலுவலகச் சப்பாத்து.

"வந்திட்டியளா" என்றார் அவர். அழைக்கப்பட்டு வந்தவர் தான்தான் என்பதை மறந்துவிட்டார்.

அவர் அதுவரை ஒரு கோல்ஃப் திடலைக்கூடப் பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கான கோல்ஃப் பந்தயங்களை வாசித்திருக்கிறார், அவ்வளவுதான். முதல் ஆட்டக்காரர் பந்தை அடித்ததும் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். இவர் மட்டும் அடித்தவரின் காலடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பந்து எங்கை?"

"அதோ, மரத்துக்கு மேல."

"எனக்குத் தெரியேல்லை."

"பந்தப் பாக்க வேணாம். எங்க விழும்னு தரையப் பாருங்க" என்றாள் தனம். அன்று முழுக்க அவர் தரையைப் பார்த்துக்கொண்டே அவள் பின்னால் நடந்தார். அவள் காற்றைப் பார்க்கப் புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டாள். அவர் அவளுடைய குடையைப் பிடித்துக்கொண்டார். என் கைக்கு அன்று வேலை இருக்கவில்லை. எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

பாதித் திடல் தாண்டுவதற்குள் அவர் நொண்ட ஆரம்பித்துவிட்டார். தனம் அவரை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். இரண்டு குதிகாலிலும் கொப்புளம். கைப்பையிலிருந்து பிளாஸ்டர் எடுத்து அவள் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் எங்களுக்கு முன்னால் இருந்த கிரீனைப் பார்த்துவிட்டு, "இதுதானே நீங்கள் இடப் பக்கம் விழுத்த வேணும் எண்டு சொன்ன இடம்?" என்று கேட்டார். போனில் எப்போதோ அவள் போகிறபோக்கில் சொன்னது. தனம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள் என்று நான் நினைக்கிறேன். அவளிடம் கேட்டால், கொப்புளத்தோட நடந்தாரே, அதுக்காகத்தான் என்பாள்.

1999இல் த பேசின் பிள்ளையார் கோயிலில் கல்யாணம். தனத்தின் அம்மா மலேசியாவிலிருந்து வந்திருந்தார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்குத் தனம், "டெலிபோன்ல இருக்காரு" என்றாள். அம்மா அதை அரசாங்க டெலிபோன் இலாகா என்று எடுத்துக்கொண்டு நிம்மதியானார். நாங்கள் யாரும் திருத்தவில்லை. அன்று தனம் கட்டியிருந்தது, பல வருஷங்களுக்குப் பிறகு அவள் வாங்கிய புதுச் சேலை.

தேவராஜா டார்வினை விட்டு கிளேட்டனுக்கு வந்துவிட்டார். புக்கி வேலையை விட்டுத்தான் கல்யாணம் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். மெல்பேர்ணில் போக்குவரத்து விசாரணைக்குப் பதில் சொல்லுகிற இடத்தில் சேர்ந்தார். ட்ராம் எத்தனை மணிக்கு என்று கேட்கிற கிழவிகளெல்லாம் அவருடைய குரலுக்காகவே மறுபடி போன் பண்ணுவார்கள் என்று தனம் கிண்டல் செய்வாள். வீட்டில் ஒரு நாள் அவளுடைய மலேசியச் சம்பால், ஒரு நாள் அவருடைய யாழ்ப்பாணத்துச் சொதி. அவர் குசினி என்பார், அவள் அடுப்படி என்பாள். இன்றைக்கும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பந்தயம் தொடர்ந்தது. இன்டர்நெட் வந்ததும் வேறு வேறு புக்கிகளிடம் கணக்குத் திறந்தாள். ஒவ்வொருவராக அவளைக் காப்பி விலைக்குக் கொண்டு வந்தார்கள். ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று வந்தது. அவள் கண்ணால் எண்ணியும் பேப்பர்களில் பொறுக்கியும் சேர்த்த எண்களெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் கிடைத்தன. எந்தத் திடலுக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று இளைஞர்கள் கட்டுரை எழுதினார்கள். புக்கிகளும் படித்தார்கள். 2005இல் ஒரு புதன்கிழமை அவள் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாளாம்.

"எல்லா வெலயும் சரியா இருக்கு. சரியான வெலயில வாங்குறதுக்கு நான் எதுக்கு?"

"கவலையா?" என்று கேட்டாராம் தேவராஜா.

"கொஞ்சம். ஆனா நான் சொன்னது சரிதான்னு இப்ப எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க பாருங்க."

அத்தோடு நிறுத்திவிட்டாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, எதையும் இழந்தும் நிறுத்தவில்லை. தோட்டத்தில் கறிவேப்பிலை வைத்தாள். அந்த வறட்சி வருஷங்களில் குடிநீர் அலுவலகத்தில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. தோட்டக் குழாயைத் திறக்கவே தடை வந்துவிட்ட காலம். ஊருக்கு எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்று அவளுடைய பிரிவைத்தான் எல்லாரும் கேட்டார்கள்.

நாங்கள் யாரும் எதிர்பாராதது, தேவராஜா விளையாடத் தொடங்கியதுதான். ஐம்பது தாண்டிய பிறகு பொதுத் திடல் ஒன்றில், ஓய்வுபெற்ற கிரேக்கர்களும் இத்தாலியர்களுமாகச் செவ்வாய்க்கிழமைகளில் ஆடுகிற கூட்டத்தில் சேர்ந்தார். வேலையில் அவருக்குச் செவ்வாய்தான் லீவு நாள். தனமும் அன்றைக்கு அரை நாள் எடுத்துக்கொண்டு கூடப் போனாள். அவர் ஆட்டம் படுமோசம். விதிகளை மட்டும் வரிக்கு வரி மதிப்பார். ஒருவரும் பார்க்காத இடத்தில் பந்து கால் பட்டு அசைந்தாலும் தானாகவே வந்து சொல்லித் தண்டனைப் புள்ளி வாங்கிக்கொள்ளுவார்.

போன மாதம் அவர்களுடைய வருடாந்தப் போட்டிக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். 2009இலும் தனம் அதே மாதிரிப் புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டாள். தலை நரைத்திருந்தது, சாயம் போடுவதில்லை. அவளுடைய பழைய வித்தை அந்தக் கிழவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அவர்கள் தங்களுக்குள் சில்லறை வைத்துப் பந்தயம் கட்டிக்கொள்கிறவர்கள். ஒரு கிரேக்கர் அவளிடம் வந்து, உன் புருஷனுக்கு என்ன விலை போடலாம் என்று கேட்டார்.

"அவருக்கு மட்டும் நான் வெல சொல்றதில்ல" என்றாள் ஆங்கிலத்தில், சிரித்துக்கொண்டே.

நாலாவது குழியில் தேவராஜாவின் பந்து மணற்குழிக்குள் போனது. அவர் இறங்கினார். எங்களுக்குத் தொப்பி மட்டும் தெரிந்தது. மணல் எழும்பியது, பந்து வரவில்லை. மறுபடி மணல். மறுபடி. உள்ளேயிருந்து அவர் ஒவ்வொரு அடியையும் அந்தத் தெளிவான குரலில் ஒழுங்காக எண்ணுவது கேட்டது. மற்றவர்கள் பொறுமையாகப் புல்லில் உட்கார்ந்தார்கள்.

"நேரமெடுக்கும். சாப்பிடுவோமா?" என்று தனம் டப்பாவைத் திறந்தாள். இடியப்பமும் சம்பலும். எனக்கு ஒன்று எடுத்துத் தந்தாள், கிரேக்கருக்கும் ஒன்று கொடுத்தாள், தேவராஜாவின் பங்கை மூடியால் மூடி நிழலில் வைத்தாள்.